பட்டியடியில் விதைத்த வெள்ளை இறுங்கு

தனுஷியா வந்து கேட்டபோது நான் ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். தாய் செத்துப் பதினைந்தாம் நாள் அது. வாகரைப் பக்கத்து விளாவடிச்சேனையில் இருந்து இரண்டு பஸ் மாறி மட்டக்களப்பு டவுனுக்கு வந்து, என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கப் போகிறார்களாம். அதில் அம்மாவின் வாழ்க்கை வரலாறு ஒரு பக்கம் வர வேண்டுமாம். அதை நான்தான் எழுத வேண்டுமாம்.

“நல்லா எழுதுங்க சேர். அம்மாட பேர் ஊரில கெட்டுக் கிடக்கு. விதையத் துலைச்சவ எண்டுதான் இப்பவும் சொல்றாங்க. போய்ச் சேந்த பிறகும் அந்தப் பேர் அவவோட இரிக்கப்படா” என்றாள்.

ஓம் என்றேன். எதற்கும் ஓம் சொல்லிப் பழகிய வாய் இது. பழகினதால் வந்த வினைதான் இவ்வளவும்.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சொன்னால் இந்தப் பேனையைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.

எழுதத் தொடங்கினேன். ‘மீன்பாடும் தேன்நாடாம் மட்டக்களப்பின் வடபால் வயலும் கடலும் சூழ்ந்த’ என்று முதல் வரி. இந்தப் பக்கத்தில் எவர் செத்தாலும் இந்த வரிதான். கிழித்துப் போட்டேன். ‘அன்னாரின் மனம் வெள்ளை’ என்று இரண்டாவது. அதையும் கிழித்தேன். வெள்ளை என்ற சொல்லை அவருக்குப் பக்கத்தில் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

தனுஷியாவின் தாய் ஆச்சிப்பிள்ளை அக்கா ஐம்பத்தேழில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்புவரை படிப்பு. பத்தொன்பது வயதில் கோணாமலை அண்ணரை முடித்தார். எழுபத்தெட்டுச் சூறாவளியில் வீட்டுக் கூரை போனது, தொண்ணூறுச் சண்டையில் வீடே போனது. இரண்டு முறையும் திரும்பி வந்து அதே விளாமரத்துக்குக் கீழே கட்டினார்கள். அண்ணருக்கு மாடு. அக்காவுக்குச் சேனை, காடு வெட்டி மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம். சோளன், கச்சான், கௌப்பி, இவற்றோடு இறுங்கு. சோளன் தெரியாதவர் இல்லை, இறுங்கு தெரியாத பிள்ளைகள் இப்போது உண்டு. ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து, உச்சியில் கதிர் கவிழ்ந்து, மிளகு பருமனில் செம்மண்ணிற மணி பிடிக்கும் தானியம். வாய்க்குக் கொஞ்சம் துவர்க்கும். துவர்ப்பதால் கிளி தொடாது. வெறும் மணலிலும் வரும். குத்திச் சோறாக்கலாம், கஞ்சி காய்ச்சலாம். நெல் பொய்த்த வருசமெல்லாம் அந்தப் பக்கத்துச் சனம் இதைத்தான் சாப்பிட்டுக் கிடந்தது.

அக்காவுக்குக் கைராசி என்று ஊரில் பேச்சு. மாரி மழை விழுந்ததும் நாள் விதைப்புக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு சேனையிலும் போய் முதல் பிடி விதையை அவர் போட வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். நாற்பது குடும்பத்துச் சேனையிலும் முதல் பிடி அவருடையது. இதை நான் சும்மா எழுதவில்லை, பின்னால் வேண்டும்.

நான் மண்டூர்க்காரன். பெயர் உதயரூபன். வாவிக்கரை வட்டையில், நெல்லுக்குள் பிறந்து வளர்ந்தவன். நெற்காரனுக்கு இறுங்கு என்றால் இளக்காரம். வேலை இல்லாமல் திரிந்த எனக்குச் சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகம் கிடைத்தது. கழுத்தில் அட்டை, காலுக்கு மோட்டார் சைக்கிள். விவசாயம் படித்தது ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்கே தலை கால் தெரியாத எடுப்பு.

ரெண்டாயிரத்து ஐந்து ஆவணியில்தான் அக்காவை முதலில் கண்டேன். சுனாமி கோணாமலை அண்ணரையும் மாடு பதினாலையும் ஒன்றாகக் கொண்டுபோய் எட்டு மாதம். சுனாமி அன்று காலை மாடுகளைக் கடற்கரைப் புல்லுக்குச் சாய்த்துக்கொண்டு போனவர். வீடும் சேனையும் உள்ளுக்குள் மேட்டில் இருந்ததால் தாயும் மகளும் தப்பினார்கள்.

வீட்டில் உட்கார இருந்தது ஒரேயொரு கதிரை, நிவாரணத்தில் கிடைத்த பிளாஸ்டிக் கதிரை. அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து எனக்குப் போட்டுவிட்டு அவர் நிலத்தில் இருந்தார். மத்தியானம் சோறு. மணலை மீனின் நடுத்துண்டு இரண்டும் என் பீங்கானில். தலை மகளுக்கு, வால் அவருக்கு. நான் சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

“வந்த ஆள் அப்பிடித்தான் சொல்லும். நாம போடத்தான் வேணும்” என்றார்.

பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான். தண்ணீர் கேட்டு வந்தவனுக்கும், வழி கேட்டு வந்த ஆமிக்காரனுக்கும் அந்தக் கதிரைதான். வீட்டில் உள்ளதில் நல்லது வெளியில் இருந்து வந்ததுக்கு, மிச்சம் வீட்டுக்கு. அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான் நடப்பு, ஆனால் அக்காவில் அது கூடுதல்.

நான் போனது ஒரு பரீட்சைக்கு. எங்கள் நிறுவனத்திடம் புது இறுங்கு விதை வந்திருந்தது. திருத்திய இனம். நெஞ்சு உயரம்தான் வளரும், நூறு நாளில் வெட்டலாம், மணி பால் வெள்ளை. அது நல்லதா, ஊர் இறுங்கு நல்லதா என்று பார்க்க வேண்டும். கடதாசியில் இரண்டு சதுரம் கீறிக் கொடுத்தேன், பக்கத்துப் பக்கமாக. ஒவ்வொன்றும் பத்து மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம். ஒன்றில் ஊர் விதை, மற்றதில் வெள்ளை. ஒரே மண், ஒரே நாள் விதைப்பு, இரண்டுக்கும் எருவும் இல்லை உரமும் இல்லை. எது கூட விளையுது என்று நிறுத்துப் பார்ப்பது. மூலைக்கு அடிக்க எட்டுத் தடியும் மஞ்சள் சாயம் பூசிக் கொடுத்தேன். அக்கா தடிகளை இரண்டு கையாலும் வாங்கினார்.

விதைப்பு நாளில் நான் நிற்க வேண்டும், அதுதான் ஒழுங்கு. போகவில்லை. காய்ச்சல் என்று அலுவலகத்தில் சொன்னேன். காய்ச்சலும் இல்லை கோதாரியும் இல்லை. மழை. அந்தச் சேற்றுக்குள் மோட்டார் சைக்கிள் தள்ள அலுப்பு.

மூன்றாம் கிழமை போனபோது இரண்டு சதுரமும் பக்கத்துப் பக்கமாக இல்லை. நடுவில் நாற்பது எட்டு வைத்து நடக்கும் தூரம் இருந்தது. முளை இரண்டிலும் திறம். தடிகளும் அளவாக நின்றன. ஏன் இப்படிப் பிரித்துப் போட்டீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், அக்கா தேத்தண்ணியோடு வந்தார். குடித்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐந்து பேருக்கு விதை கொடுத்தது. இரண்டு பேருடையதை யானை தின்றது. ஒருவருடையதைப் பன்றி கிண்டியது. ஒருவர் விதைக்கவே இல்லை. கடைசியில் முழுப் பரீட்சையும் அக்காவின் சேனையில் வந்து நின்றது.

ரெண்டாயிரத்து ஆறு மாசியில் வெட்டினோம். விளாமரக் கொப்பில் தராசைக் கட்டி நிறுத்தோம். ஊர் இறுங்கு ஒன்பது கிலோ. வெள்ளை முப்பத்தொன்று. தராசு பழுதோ என்று இன்னொரு தரம் நிறுத்தேன். முப்பத்தொன்றுதான்.

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே ஊர் இறுங்குக் கதிர் ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் தடவினார். “எங்கடது தோத்துப் போச்சு, என்ன தம்பி. பாவம்” என்றார். அதற்குள் நான் அவருக்குத் தம்பியாகியிருந்தேன். பிறகு இளநீர் வெட்டிக்கொண்டு வாறன் என்று வீட்டுப் பக்கம் போனார்.

நான் வெள்ளை விதைத்த சதுரத்துக்குள் நின்று குறிப்பு எழுதினேன். கால் தடக்கியது. பார்த்தால் தறித்த மரக்குற்றி ஒன்று. தலைப்பக்கத்தில் கயிறு அறுத்த தடம். ஓர் எட்டுத் தள்ளி இன்னொரு குற்றி, அங்கால் இன்னொன்று. வட்டமாக நின்றன. செருப்பால் மண்ணைக் கிளறினேன். சேனை முழுக்கச் சிவப்பு மணல், இங்கே கறுப்பு. ஒரு சாண் ஆழத்துக்கு உக்கிப்போன மாட்டெரு. குனிந்து கையில் எடுத்து மணந்தும் பார்த்தேன். இது கோணாமலை அண்ணரின் மாட்டுப்பட்டி. பதினாலு மாடு வருசக்கணக்காகக் கட்டிக்கிடந்த இடம். மாடு போன பிறகு அந்த மனிசி ஒரு பயித்தங்கொட்டை கூட அதில் ஊன்றவில்லை என்று மகள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். புருசனின் ஞாபகமாக வைத்திருந்த நிலம்.

எனக்கு எல்லாம் விளங்கியது. வந்த விதை. வந்த ஆளுக்குக் கதிரை, வந்த விதைக்குப் பட்டியடி. தன் சொந்த இறுங்கை வெறும் மணலில் போட்டுவிட்டு, விருந்தாளிக்கு நல்ல இடத்தைக் கொடுத்திருக்கிறார். வெள்ளை இறுங்கு வெல்லவில்லை, எரு வென்றது.

ஒரு நிமிசம் நின்றேன். அக்கா இளநீரோடு வரும் சத்தம் கேட்டது. கிளறிய மண்ணைக் காலால் மூடினேன். நாய் மூடுவதைப் போல மூடினேன். இளநீரை வாங்கிக் குடித்தேன்.

எங்கள் இணைப்பாளர் மொறிஸ் சேர், டவுனில் பிறந்து வளர்ந்த பறங்கி மனிதர். கோபக்காரர், ஆனால் வேலையில் ஒழுங்கு. அறிக்கையை மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“மூணு மடங்குக்கு மேல வந்திருக்கு. ரெண்டும் ஒரே மண்தானே உதயன்?”

“ஓம் சேர்.”

“நீ நிண்டுதானே விதைச்சது?”

“ஓம் சேர்.”

இரண்டு ஓம். பங்குனியோடு என் ஒப்பந்தம் முடிகிற நேரம். இந்த முடிவு இருந்தால் திட்டம் நீளும், நானும் நீளுவேன். மடையன் நான், அடுத்த மாரிக்கு இன்னொரு தரம் ஒழுங்காகச் செய்து பிழையைத் திருத்தலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். என்னை நானே பேய்க்காட்டினேன் என்று சொல்வதுதான் சரி.

அடுத்த மாரி வரவில்லை. ஆவணியிலேயே சண்டை தொடங்கிவிட்டது. வாகரைப் பக்கத்துக்கு ஒருவரும் போக முடியாது. மார்கழியில் சனம் ஷெல்லுக்குள்ளால் காடும் களப்பும் கடந்து நடந்து வந்தது. வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமில் அக்காவைத் தேடிப் பிடித்தேன். கறுத்து, இளைத்து, ஒரு காலில் துணி கட்டி இருந்தார். பக்கத்தில் பிஸ்கட் தகரம் ஒன்று. அதற்குள் ஊர் இறுங்கு விதை. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கின கதிர்களை உதிர்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மற்றச் சனத்தின் விதையெல்லாம் வீட்டோடு போய்விட்டது.

என்னைக் கண்டதும் அவர் சொன்ன முதல் சொல் இது: “தம்பி, உங்கட மஞ்சத் தடியெல்லாம் அங்கயே விட்டிட்டு வந்திட்டன். எடுக்க நேரம் கிடைக்கல்ல. குறை நினைக்காதிங்க.”

எட்டுத் தடி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்த மனிசி என் எட்டுத் தடிக்கு மன்னிப்புக் கேட்டார். அன்று சொல்லியிருக்கலாம். முகாமில் வைத்து என்ன கதை என்று விட்டேன்.

ரெண்டாயிரத்து ஏழு சித்திரைக்குப் பிறகு சனத்தைத் திருப்பிக் குடியேற்றினார்கள். புரட்டாதியில் எங்கள் லொறி போனது. நாற்பது குடும்பத்துக்கும் வெள்ளை இறுங்கு விதை, என் அறிக்கையின் பலத்தில். உரமும் தருவதாகத்தான் திட்டம்; உரம் கொண்டுபோக அந்த நேரம் அனுமதி கிடைக்கவில்லை. நான் லொறிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போனேன். விளாமரத்துக்குக் கீழே கூட்டம். அக்கா மாதர் சங்கத் தலைவி. எல்லாருக்கும் முன்னால், தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

“தம்பி, எங்கட பழைய இறுங்கையும் ஒரு பக்கத்தால போட்டு வைப்பமா? ஆளுக்கொரு பிடி பங்கிட்டா எல்லாருக்கும் காணும். நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்.”

இதைவிடத் தெளிவாகக் கடவுளே வந்து கேட்க முடியாது. போடுங்க அக்கா என்று இரண்டு சொல் போதும். அண்டைக்கு நிறுத்தது பிழை என்று கூடச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பழையதைப் போடச் சொன்னால், பிறகேன் புதியதுக்கு லொறி என்று வல்லிபுரம் கேட்பார். வல்லிபுரம் முன்வரிசையில் நின்றார், எதையும் கிண்டிக் கேட்கிற மனிதர். என் அறிக்கையை நானே கீழே போட்ட மாதிரி ஆகும் என்று பயந்தேன்.

“வேண்டாமக்கா. ரெண்டும் கிட்டக் கிட்ட நிண்டா பூந்தூள் கலந்து இனம் கெட்டுப் போகும்” என்றேன். படித்த ஆறு மாதம் அதற்கு உதவியது.

அக்கா தலையை ஆட்டினார். சரி, வந்த சனத்துக்குக் கஞ்சியாவது ஆகட்டும் என்று அன்றைக்கே தகரத்தைக் கவிழ்த்து உரலில் போட்டார். பெண்கள் நாலு பேர் குத்தினார்கள். பெரிய பானையில் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினார்கள். முதல் கோப்பை வந்த ஆளுக்கு, எனக்கு. நல்ல கஞ்சி. துவர்ப்புக் கூடத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அந்த ஊர் இறுங்கின் கடைசி விதையைக் குடித்தவர்களில் நானும் ஒருவன். அதுவும் இரண்டு கோப்பை.

மாசியில் போய்ப் பார்த்தேன். பயிர் முழங்கால் உயரம். மணலில் மஞ்சள் பிடித்து நின்றது. கதிர் பெருவிரல் அளவு. அதையும் கிளி விடவில்லை, வெள்ளை மணி, துவர்ப்பில்லாத மணி, கூட்டங்கூட்டமாக இறங்கித் தின்றன. மிஞ்சியது பின்மழையில் பூஞ்சணம் பிடித்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கிழமைக் கஞ்சிக்குத் தேறவில்லை. அடுத்த விதைப்புக்கு ஊர் இறுங்கு தேடி அயலெல்லாம் அலைந்தார்கள். எல்லா ஊரும் ஓடி வந்த ஊர், எங்கே இருக்கும். நான் அறிக்கையில் ‘பறவைத் தாக்கம், சீரற்ற காலநிலை’ என்று எழுதினேன். அடுத்த மாதம் என்னை டவுன் அலுவலகத்துக்கு எடுத்தார்கள், பதவி உயர்வோடு.

அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அக்காவின் சேனையில் ஒரேயொரு இடத்தில் மட்டும் வெள்ளை இறுங்கு நெஞ்சு உயரம் நின்றதாம், பழைய பட்டிக்குள். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறார். பார்த்து விளங்கிக்கொண்டார். விளங்கிய கையோடு, நான் செய்யாததை அவர் செய்தார். கூட்டத்தைக் கூப்பிட்டு, அந்தப் பரீட்சை பிழைத்தது தன்னால்தான், பட்டியடியில் விதைத்தது தான்தான் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

வல்லிபுரம் எழும்பி, “உன்ர மாட்டுச் சாணியக் காட்டி எங்கட வயித்தில அடிச்சிப்போட்டாய்” என்றாராம். ஒருவரும் அவரை மறிக்கவில்லை. அந்த வருசம் சங்கத் தலைமை வேறு ஆளுக்குப் போனது. ஐப்பசியில் மழை விழுந்தது. நாள் விதைப்புக்கு ஆச்சிப்பிள்ளை அக்காவை ஒருவரும் கூப்பிடவில்லை. குளித்து, சேலை மாற்றி, மத்தியானம்வரை வாசலில் இருந்தார் என்று தனுஷியா சொன்னாள். அடுத்த வருசமும் குளித்துவிட்டு இருந்தாராம்.

ரெண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்தது. ஆனியில் நான் போனேன். இது வேலைப் பயணம் இல்லை. சொல்ல வேண்டும் என்றே போனேன். பனிச்சங்கேணிப் பாலம் கடக்கும்வரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன்: அக்கா, எனக்கு அண்டைக்கே தெரியும். அக்கா, எனக்கு அண்டைக்கே தெரியும்.

அக்கா என்னைக் கண்டதும் எழும்பி அந்தக் கதிரையைத் துடைத்தார். ஒரு கால் உடைந்து கம்பி கட்டியிருந்தது. நான் வாயைத் திறக்க முன்னம் அவர் தொடங்கினார். தம்பி என்று அழைக்கவில்லை.

“சேர், முதல்ல இரிங்க. ஒரு விசயம் உங்களிட்டச் சொல்லோணும் எண்டு ஒரு வருசத்துக்கு மேலாத் தவிச்சுக்கொண்டு கிடக்கன். உங்கட வெள்ள இறுங்க நான் நீங்க கீறித் தந்த இடத்தில போடல்ல. அவரட பட்டிக்குள்ள போட்டன். வெளிய இரிந்து வந்த விதை, அதக் கொண்டுபோய் மணலுக்குள்ள போட மனம் வரல்ல. எங்கடது எங்கட பிள்ளதானே, அது எங்கயும் கிடக்கும் எண்டு விட்டன். அது பிழையெண்டு எனக்கு விளங்கல்ல சேர். மறுகா விளங்கினப்போ நீங்க இல்ல. நீங்க என்ன நம்பித்தானே மேல எழுதிக் குடுத்தீங்க. உங்களப் பொய்க்காரனாக்கிப் போட்டன்.”

கும்பிட்டார். இரண்டு கையையும் கூப்பி, என்னைக் கும்பிட்டார்.

வழி முழுக்கப் பழகிய சொல் வாயில் இருந்தது. நாக்கை அசைத்தால் போதும். அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த முகத்துக்கு முன்னால் நான் யார் என்று தெரிந்துபோகுமே என்று நினைத்தேன். அவரை நினைக்கவில்லை, என்னை நினைத்தேன்.

“பரவாயில்லக்கா. தெரியாமச் செய்ததுதானே. நான் ஒண்டும் மனசில வைக்கல்ல. விடுங்க” என்றேன்.

நான் அவரை மன்னித்தேன். குற்றம் செய்தவன், குற்றமில்லாத மனிசியை, அவருடைய ஒரே கதிரையில் இருந்துகொண்டு மன்னித்தேன். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, உங்களுக்குப் பெரிய மனசு என்றார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டேன். நடுத்துண்டு எனக்கு.

அடுத்த வருசம் ஆடியில், நெஞ்சு நோகுது என்று படுத்தவர் விடியமுதல் போய்விட்டார். ஐம்பத்து மூன்று வயது.

தனுஷியா என் வாசலில் நின்று கடைசியாகச் சொன்னது இதுதான்: “உங்கள ஏன் கேட்டனெண்டா சேர், அம்மா சாகிற வரைக்கும் சொல்லுவா. ஊரில ஒருத்தரும் மன்னிக்கல்ல, அந்தத் தம்பி மட்டும்தான் மன்னிச்சது எண்டு.”

இதுவரை எழுதியதை ஒரு கடித உறைக்குள் போட்டுக்கொண்டு இருபத்தைந்தாம் நாள் விளாவடிச்சேனைக்குப் போனேன். தனுஷியா விளாமரத்தடியில் நின்று வாசித்தாள். வாசிக்க நெடுநேரம் எடுத்தது. சில இடத்தில் திரும்பப் போய் வாசித்தாள். முடித்து, தாள்களைப் பழையபடி மடித்து உறைக்குள் வைத்தாள்.

“அம்மா உங்களக் கும்பிட்டப்போ உங்களுக்குத் தெரியும்” என்றாள்.

“ஓம்” என்றேன். என் வாழ்க்கையில் உண்மையாகச் சொன்ன ஓம் அதுதான்.

“இதுக்கு மலர் காணாது சேர், நீளம். மலருக்கு நான் வேற எழுதிக்கொள்றன். இத நீங்க முப்பத்தோராம் நாள் வந்து சனத்துக்கு வாசிங்க. நான் வாசிச்சுத் தரமாட்டன். நீங்கதான் வாசிக்கோணும்.”

வாசித்தேன். பந்தலுக்குக் கீழே நாற்பது குடும்பமும் இருந்தது. கஞ்சி குடித்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன். ‘நான் அவரை மன்னித்தேன்’ என்ற இடத்தில் ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். வல்லிபுரம் முன்வரிசையில் இருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. எழும்பி அக்காவின் படத்துக்கு முன்னால் போய் நிலத்தில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பாயில் வரிசையாகச் சனம் சாப்பிட இருந்தது. நான் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனேன். பின்னால் தனுஷியா வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் அந்தக் கதிரை, கம்பி கட்டிய கால். அதை மரத்தடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“சாப்பிட்டிட்டுப் போங்க” என்றாள். “வந்த ஆளச் சும்மா அனுப்பினா அம்மா ஏசுவா.”

மணலை மீன் பொரித்திருந்தார்கள். நடுத்துண்டு இரண்டும் என் இலையில் இருந்தன.